அடித்த கையையே பிடிக்கிறார்களே!

இந்த முறை வந்த கடிதங்களைக் கொட்டிப் பார்த்தால் முக்கால்வாசி ஒரே புலம்பல்தான். ஆட்டம் வேறு வேறு, அடி வாங்கும் விதம் மட்டும் ஒன்று: இவர் அடிக்கப் போகிறார், எதிராளி அதையே திருப்பிக் கொடுக்கிறார். அதனால் மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு, சண்டை கேம்களில் ரிவர்சலைச் சமாளிப்பது பற்றி மட்டும் பேசிவிடுவோம்.

கேள்வி: வீட்டில் டெக்கன் ஆடுகிறோம். என் தம்பி அசுகா என்ற பாத்திரத்தை எடுத்துவிட்டால் போதும், நான் விடும் குத்தையும் உதையையும் அப்படியே பிடித்து முறுக்கித் தரையில் போடுகிறான். அவனுக்குத் தெரிவது என் பட்டனா, என் மனசா? இதற்கு மாற்று உண்டா, இல்லை பேசாமல் கன்ட்ரோலரை அவனிடமே கொடுத்துவிடலாமா?
— அண்ணன் என்ற மரியாதை போனவன்

பதில்: கொடுத்துவிடாதீர்கள். பிடிபட்ட பிறகும் தப்பிக்க ஒரு வழி அந்த ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆடுபவர்கள் அதை ‘சிக்கன்’ என்பார்கள். ரிவர்சலுக்கே ரிவர்சல். உங்கள் கையையோ காலையோ அவன் பிடித்த அந்தக் கணத்தில், எதிராளி இருக்கும் திசையோடு சேர்த்து இரண்டு பட்டன்களை அழுத்த வேண்டும். எந்த இரண்டு என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள், ஆனால் அது ரொம்பச் சுலபம். டெக்கனில் ஒவ்வொரு பட்டனும் ஒரு கை அல்லது ஒரு கால் என்பது உங்களுக்குத் தெரியும். பிளேஸ்டேஷனில் சதுரம் இடது கை, முக்கோணம் வலது கை, பெருக்கல் இடது கால், வட்டம் வலது கால். இடது கை அல்லது இடது கால் பிடிபட்டால் முன்திசையோடு இடது பக்கத்து இரண்டும், அதாவது சதுரமும் பெருக்கலும். வலது பக்கம் பிடிபட்டால் முக்கோணமும் வட்டமும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் என்றால் இடதுக்கு எக்ஸும் ஏயும், வலதுக்கு ஒய்யும் பியும். சரியாக அழுத்தினால் முறுக்க வந்தவன் தானே அடி வாங்குவான், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பியின் முகத்தைப் பார்க்க மறக்காதீர்கள்.

இதில் வேகம் வேண்டும், ஆனால் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. காரணம், எந்தக் கை போனது என்பதைத் திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அனுப்பியவரே நீங்கள்தானே. வலது கையை விடும்போதே மனசுக்குள் ‘வலது’ என்று இருந்தால் போதும், பிடித்தான் என்று தெரிந்ததும் விரல் தானாகப் போகும். வம்பு எங்கே வருகிறது என்றால், தொடர் அடியில். இடது குத்து, வலது குத்து என்று இரண்டை அடுக்கி விடுகிறீர்கள், அவன் பிடித்தது இரண்டாவதை, உங்கள் மனசு இன்னும் முதல் அடியிலேயே நிற்கிறது, இடது பக்கத்தை அழுத்திவிட்டுக் கீழே விழுகிறீர்கள். அதனால் பிடிபட்டது எத்தனையாவது அடி என்று கவனிக்கப் பழகுங்கள்.

இன்னொன்று, பிடிக்காமலே பயத்தில் அந்த இரண்டு பட்டன்களை அழுத்தித் தொலைத்தால் சிக்கன் வராது, த்ரோ வரும், அதாவது ஆளைப் பிடித்துத் தூக்கிப் போடும் மூவ். த்ரோவுக்கும் அதே பட்டன்கள்தான். தம்பி குனிந்துகொண்டால் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். அப்புறம், எல்லாப் பிடியும் ரிவர்சல் இல்லை. பேரி என்று ஒரு ரகம் உண்டு, அடியைத் தட்டிவிட்டு அவன் முந்திக்கொள்வான், அதற்குச் சிக்கன் செல்லாது. கீழே விடும் உதையை முன்பக்கமாகக் குனிந்து தட்டிவிடுவார்களே, அந்த லோ பேரியும் அப்படித்தான். அசுகா, நீனா, பால் இவர்கள் கையைப் பிடித்து முறுக்குவது ரிவர்சல், அதற்குச் செல்லும்.

இவ்வளவும் பிடிபட்ட பிறகு. பிடிபடாமல் இருப்பதுதான் நல்ல ஆட்டம், அதற்கு வழிகள் நிறைய. பெரும்பாலான ரிவர்சல்கள் மேலேயும் நடுவிலும் வரும் சாதாரணக் குத்து உதையை மட்டும்தான் பிடிக்கும். கீழே விடும் அடி பிடியில் சிக்காது. முழங்கால், முழங்கை அடிகள் பெரும்பாலானவர்களின் பிடிக்கு அகப்படாது, உங்கள் ஆளின் பட்டியலில் அப்படி எவை இருக்கின்றன என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். த்ரோ இன்னும் நல்லது, ரிவர்சலுக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்பவனை அப்படியே தூக்கிப் போடலாம். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது சும்மா இருப்பது. அவன் பிடிக்க வரும்போது அங்கே கை இல்லையென்றால் அவன் கொஞ்ச நேரம் வெறுங்கையோடு மாட்டிக்கொண்டு நிற்பான், அந்த இடைவெளியில் உங்களிடம் இருப்பதிலேயே பெரிய அடியை இறக்குங்கள்.

மனசு தெரிகிறதா என்று கேட்டீர்களே, தெரிகிறதுதான். என் கதையைச் சொல்கிறேன். என் சித்தி மகன் இப்படித்தான் என்னை வாரக்கணக்கில் முறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தான், அவனுக்கு ஏதோ கழுகுக் கண் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் தோற்ற ஆட்டத்தை ரீப்ளேயில் போட்டு, பிடிபட்ட இடங்களில் மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கீழே விழுந்து எழுந்ததும் வலது குத்து. அவன் அடியை பிளாக் செய்து முடித்ததும் வலது குத்து. கொஞ்ச தூரம் பின்னால் போய்விட்டு உள்ளே வந்ததும் அதே வலது குத்து. அவன் என் குத்தைப் பார்த்துப் பிடிக்கவே இல்லை, நான் எழுந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கலாம். உங்கள் தம்பியும் அந்த ரகம்தான் என்று பந்தயமே கட்டுவேன். அடுத்த முறை அவன் பிடித்ததும் கோபப்படாமல், அதற்கு முன் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மட்டும் யோசியுங்கள்.

கேள்வி: டெக்கனில் ரிவர்சல் என்றால் கையைப் பிடிப்பது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடும் நண்பரோ எழும்போது ஷோரியுகென் (எகிறிக்கொண்டே மேல்நோக்கி விடும் குத்து) விடுவதை ரிவர்சல் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேரும். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ரிவர்சல் என்றால் நேரத்தைச் சொல்கிறோம்: விழுந்து எழும்போதோ, பிளாக் செய்து விடுபடும்போதோ, நகர முடிகிற முதல் ஃபிரேமிலேயே, அதாவது திரையில் ஓடும் முதல் படத்துணுக்கிலேயே, ஸ்பெஷல் மூவ் வெளிவருவது. 1993-ல் வந்த சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல் அப்படிச் செய்தால் திரையில் அந்தச் சொல்லே வரும், அதற்குத் தனியாகப் புள்ளியும் உண்டு. டெக்கனில் சொல்வது பிடியை. டெட் ஆர் அலைவ் ஆடுபவர்கள் கிட்டத்தட்ட அதே பிடியை ‘ஹோல்ட்’ என்பார்கள். பேர்தான் குழப்பம், எல்லாமே உங்கள் அவசரத்தைத் தின்று பிழைப்பவை.

கேள்வி: நான் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஆடுகிறேன். கஷ்டப்பட்டு எதிராளியைக் கீழே தள்ளுகிறேன். எழும்போது அடிக்கலாம் என்று போனால், எழுந்த வேகத்தில் ஷோரியுகென் விட்டு என்னைத் தள்ளிவிடுகிறார். பார்த்து பிளாக் செய்யலாம் என்றால் கை வரவில்லை. வயசாகிவிட்டதா?

பதில்: வயசு இல்லை, கணக்கு. ஆட்டம் ஒரு வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிறது. கண்ணில் பட்டு விரல் அசைய நல்ல ஆட்டக்காரருக்கே 12 ஃபிரேமுக்கு மேல் ஆகும். ஷோரியுகென் அடியாக மாற 10 ஃபிரேம்கூட ஆகாது. அதைப் பார்த்து பிளாக் செய்வது உலகத்தில் யாராலும் முடியாது, செய்கிறவர்கள் எல்லாரும் வரும் முன்பே முடிவெடுத்துச் செய்கிறவர்கள்.

அப்படியானால் முன்பே எப்படித் தெரியும்? முதலில் அவர் கேஜை, அதாவது சிறப்பு அடிகளுக்குச் செலவாகும் பட்டையைப் பாருங்கள், உங்கள் ஆளையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். இந்த ஆட்டத்தில் எழும்போது உங்கள் அடியை ஊடுருவி வரக்கூடிய ஷோரியுகென் என்பது ஓவர்டிரைவ் வகை, அதற்கு டிரைவ் கேஜின் 6 கட்டத்தில் 2 செலவாகும். பிளாக்கில் இருந்தபடி தள்ளிவிடும் டிரைவ் ரிவர்சலுக்கும் அதே 2. கேஜ் காலியாகி பர்ன்அவுட்டில் இருப்பவரிடம் இந்த இரண்டுமே கிடையாது, சூப்பர் என்ற பெரிய அடி மட்டும் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தைரியமாக ஏறி அடிக்கலாம். முழுக் கேஜோடு விழுந்து கிடப்பவர், உயிர் குறைவு, முந்தின ரவுண்டிலும் எழுந்ததும் விட்டார் என்றால், அவர் கட்டைவிரல் ஏற்கெனவே பாதித் தூரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டே போங்கள். அடிக்கப் போகிற மாதிரியே போய் நில்லுங்கள். போய் பிளாக் செய்யுங்கள்.

அவர் ஆகாயத்துக்குப் போவார், நீங்கள் கீழே நிற்பீர்கள். இங்கேதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள், சந்தோஷத்தில் கை நடுங்கி ஒரு சின்ன ஜாப் அடித்து முடித்துவிடுகிறார்கள். அவர் இறங்கி வருவதற்குள் உங்களுக்கு நிறைய நேரம் இருக்கிறது, அவசரமே வேண்டாம். ஒரு மூச்சு விட்டு, கால் தரையில் படும்போது உங்கள் கனமான பட்டனில் ஆரம்பித்து நீளமான காம்போவை, அதாவது விடாமல் விழும் அடித்தொடரைக் கொடுங்கள். மூவ் முடிந்து மீள்வதற்குள் படும் அடி பனிஷ் கவுன்ட்டராக விழும், வலியும் கூடும், அடுத்த அடியைக் கோக்கவும் நேரம் கூடும். இதை ஒருமுறை முழுசாக வாங்கியவர் அடுத்த முறை எழும்போது யோசிப்பார், உங்களுக்கு வேண்டியது அந்த யோசனைதான். யோசிப்பவர் பிளாக் செய்துகொண்டு உட்காருவார், அவரைத் த்ரோ செய்யலாம். த்ரோவுக்குப் பயந்து ஏதாவது பட்டனைத் தட்ட ஆரம்பித்தால், முதலில் ஆசைப்பட்டீர்களே, எழும்போதே விழும் அடி, அது அப்போது விழும்.

சேஃப் ஜம்ப் என்று ஒன்றும் கற்றுக்கொள்ளுங்கள், கொஞ்சம் பழக்கம் வேண்டும். அவர் எழும் அதே கணத்தில் உங்கள் குதி அடி ரொம்பத் தாழ்வாக, தரையைத் தொடும் தறுவாயில் விழுகிற மாதிரி நேரம் பார்த்துக் குதிப்பது. அவர் ஒன்றும் செய்யாவிட்டால் அடி விழும், இல்லை பிளாக் செய்வார். ஷோரியுகென் விட்டால் உங்கள் அடி அவர் மேல் படாது, ஆனால் அவர் அடி வருவதற்குள் நீங்கள் தரையில் இருப்பீர்கள், பின்திசையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் பிளாக் தானாக விழும். அதாவது ஊகிக்கவே வேண்டாம், இரண்டு பக்கமும் லாபம். ஒரே நிபந்தனை, எல்லா விழுதலுக்குப் பிறகும் இது அமையாது, உங்கள் ஆளுக்கு எந்த மூவில் தள்ளினால் எப்போது குதித்தால் சரியாக வரும் என்று பிராக்டிஸ் மோடில் கண்டுபிடித்து ஒன்றே ஒன்றைப் பழகுங்கள், ஒன்று போதும்.

பழைய ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-ஐ இன்னும் ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் ஷோரியுகெனை பிளாக் செய்துவிட்டோம் என்று உடனே குதிக்காதீர்கள். எதிராளியிடம் 2 கட்டம் சூப்பர் கேஜ் இருந்தால் அதைச் செலவழித்து ஷோரியுகெனை நடுவில் நிறுத்தி, முன்னால் ஓடி வந்துவிடுவார். அப்படிச் செய்தாரா என்று பார்த்துவிட்டு அடியுங்கள். செலவழித்தார் என்றாலும் 2 கட்டம் போனது போனதுதான்.

கேள்வி: எழும்போது மட்டுமில்லை, நான் தொடர்ந்து அடித்துக்கொண்டிருக்கும்போது நடுவிலேயே ஷோரியுகென் வருகிறது. அது எப்படி நுழைகிறது?

பதில்: உங்கள் அடிகளுக்கு நடுவே ஓட்டை இருக்கிறது, அதில் நுழைகிறது. பிளாக்கில் இருப்பவர் பூட்டப்பட்டிருக்கிறார், முதல் அடியின் பூட்டு திறப்பதற்குள் அடுத்த அடி விழுந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு ஃபிரேம் திறந்தாலும், மாவரைக்கிற மாதிரி ஸ்டிக்கைச் சுற்றிக்கொண்டிருப்பவருக்கு ஷோரியுகென் வந்துவிடும். எந்த இடத்தில் நுழைந்தார் என்று ஒருமுறை குறித்துக்கொண்டு, அடுத்த முறை அதே தொடரை அதே இடம் வரைக்கும் அடித்துவிட்டு நிறுத்துங்கள். கையை எடுத்துவிட்டு பிளாக். சுற்றிக்கொண்டிருப்பவர் மேலே போய்விடுவார்.

கேள்வி: டெட் ஆர் அலைவ் 5. காம்போவுக்கு நடுவிலேயே ஹோல்ட் செய்கிறார்கள். தடுமாறிக்கொண்டிருப்பவர் எப்படிப் பிடிக்கலாம்? இது நியாயமா?

பதில்: அந்த ஆட்டத்தின் சட்டமே அதுதான், நியாயம் பேசிப் பயனில்லை. அடி த்ரோவை வெல்லும், த்ரோ ஹோல்டை வெல்லும், ஹோல்ட் அடியை வெல்லும். நீங்கள் அடியை மட்டுமே வைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள் என்பது கேள்வியைப் படித்ததுமே தெரிகிறது. ஹோல்ட் செய்துகொண்டிருப்பவரைத் த்ரோ செய்து பாருங்கள், ஹை கவுன்ட்டர் என்று சாதாரணத் த்ரோவைவிட நிறையவே உயிர் குறையும். தடுமாற்றத்தில் இருப்பவரைத் த்ரோ பிடிக்காதே என்பீர்கள். அவர் ஹோல்டுக்குக் கையை நீட்டிவிட்டால் பிடிக்கும்.

அடுத்தது, ஐந்தாம் பாகத்தில் ஹோல்ட் நாலு வகை: மேல் அடி, நடுக் குத்து, நடு உதை, கீழ் அடி. ஒவ்வொன்றுக்கும் தனித் திசை. அதாவது அவர் ஒவ்வொரு முறையும் நாலில் ஒன்றை ஊகிக்கிறார். நீங்கள் எப்போதும் நடுக் குத்தில் முடிக்கும் அதே தொடரையே அடித்தால் அவருக்கு ஊகமே தேவையில்லை. குத்து வரும் என்று காத்திருக்கும் இடத்தில் ஒரு நடு உதை போதும். இல்லாவிட்டால் ஒரு அரைக்கணம் தாமதித்து அடியுங்கள், ஹோல்ட் காற்றைப் பிடித்து முடியும், அடி அதற்குப் பிறகு விழும். எதிராளியை முழுசாக நிலைகுலைய வைக்கும் கிரிட்டிகல் பர்ஸ்ட் வரை கொண்டுபோய்விட்டால் அதற்கப்புறம் அவரால் ஹோல்ட் செய்யவே முடியாது, அதைப் பார்த்துத்தான் இவ்வளவு பதற்றமாகப் பிடிக்கிறார்கள். பதறுகிறவர் முன்கூட்டியே பிடிப்பார். த்ரோ.

கேள்வி: கில்லர் இன்ஸ்டிங்க்டில் காம்போ பிரேக்கரால் என் எல்லாக் காம்போவும் உடைகிறது.

பதில்: 2013-ல் வந்த ஆட்டத்தைச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அதில் உடைக்க வருபவர் உங்கள் அடி மெல்லியதா, நடுத்தரமா, கனமா என்று சரியாகச் சொல்லியாக வேண்டும். தப்பாகச் சொன்னால் கொஞ்ச நேரத்துக்கு அவரால் மறுபடி முயலவே முடியாது. எல்லாம் உடைகிறது என்றால் நீங்கள் எல்லாக் காம்போவையும் கனமான அடியிலேயே ஓட்டுகிறீர்கள், அது திரையில் பார்க்கவே மெதுவாகத் தெரியும். மெல்லிய அடிகளைக் கலந்து விடுங்கள். உடைக்கத்தான் போகிறார் என்று உறுதியாகத் தோன்றும் இடத்தில் அந்த உடைப்பையே முறியடிக்கும் கவுன்ட்டர் பிரேக்கர் போடுங்கள், ஊகம் தப்பினால் நீங்கள் அகப்படுவீர்கள், அதனால் அடிக்கடி வேண்டாம்.

கேள்வி: ரிவர்சலுக்கென்றே காத்திருப்பவர்கள் ஆடத் தெரியாதவர்கள், பயந்தாங்கொள்ளிகள். ஒப்புக்கொள்கிறீர்களா?

பதில்: மாட்டேன். நாலு தடவை ஒரே இடத்தில் பிடிபட்டவரும் அதே ஆட்டத்தைத்தான் ஆடிக்கொண்டிருந்தார்.

கேள்வி: தனியாக இருக்கும்போது இதையெல்லாம் எப்படிப் பழகுவது? கம்ப்யூட்டர் எதிராளி மனிதர் மாதிரி ஆடுவதில்லையே.

பதில்: கம்ப்யூட்டரோடு ஆட வேண்டாம், பொம்மைக்குச் சொல்லிக்கொடுங்கள். இப்போதைய ஆட்டங்களின் பிராக்டிஸ் மோடில் பொம்மை என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே ஆடிப் பதிவு செய்யலாம். மூன்று பதிவு போடுங்கள்: எழுந்ததும் ஷோரியுகென், எழுந்ததும் பிளாக், எழுந்ததும் ஜாப். மூன்றையும் மாற்றி மாற்றி வரும்படி விட்டுவிட்டு, தள்ளுவது, கிட்டே போவது, முடிவெடுப்பது என்று ஓட்டுங்கள். இதில் ஷோரியுகெனைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள், அது முடியாது என்று மேலேயே சொன்னேன். பழக வேண்டியது அதற்கப்புறம் வருவது: பிளாக் ஆனதும் பதறாமல் பெரிய காம்போவை எடுப்பது. டெக்கனில் பொம்மையை ரிவர்சல் செய்ய வைத்துவிட்டு, இடது, வலது, இடது, இடது என்று மாற்றி மாற்றி அடித்து சிக்கனைப் பழகலாம். பதினைந்து நிமிஷம் போதும், அதற்கு மேல் விரல் தூங்கிவிடும்.

கேள்வி: நீங்கள் ஒருமுறை சொன்னீர்களே என்று எதிராளி எழும்போதெல்லாம் கிட்டே போய் பிளாக் செய்துகொண்டு நின்றேன். அவன் ஒருமுறைகூட ரிவர்சல் செய்யவில்லை. என்னைத் த்ரோ செய்துவிட்டுப் போய்விட்டான். ஒன்பது தடவை.
— நம்பிக் கெட்டவன்

பதில்: ஒன்பதா! இரண்டாவது தடவையே அவனிடம் ரிவர்சல் எண்ணம் இல்லை என்று தெரிந்துவிட்டதே, அப்புறம் ஏன் ஐயா நின்றீர்கள். பிளாக் செய்பவரைத் த்ரோ செய்வது என்று நாம் அவனுக்கு வைத்திருந்த மருந்தை அவன் உங்களுக்குக் கொடுத்திருக்கிறான். த்ரோ செய்ய அவன் கையை நீட்டுகிறான் அல்லவா, எழும் கணத்தில் விழும் ஒரு அடி அந்தக் கையை வெட்டிவிடும். அடுத்த முறை பிளாக் வேண்டாம், அடியுங்கள். அதற்கப்புறம் அவன் ஷோரியுகென் விட ஆரம்பித்தால் எழுதுங்கள்.